சந்தைக்கு ஞானத்தாய்

எர்மெலிந்தாவைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் யாருக்கெல்லாம் ஞானத்தாய் இல்லை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் மலையூர் சல்காபம்பாவில் ஒரு பெண் ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு குழந்தையைக்கூட ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தியதில்லை என்றால், அவளுக்கு ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதி என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவள் கை நீளமானவளாக இருக்க வேண்டும். எர்மெலிந்தாவுக்கு வியாதி எதுவும் கிடையாது, அடுத்தவர் பொருளில் கை வைத்ததும் இல்லை. அவள் ஜட்ஜம்மா, அவ்வளவுதான்.

ஜட்ஜம்மா என்றதும் கறுப்பு அங்கியையும் காரையும் நினைத்துவிடக் கூடாது. மலை ஊர்களில் சில்லறைத் தகராறுகளைத் தீர்த்துவைக்க ஊரே கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் நிறைய உண்டு. எர்மெலிந்தா பிழைப்புக்கு நூலும் பொத்தானும் விற்றாள். கடைக்குப் பின்னறையில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் ஒரு கொடி. வேலி தாண்டிய மாடும், முறை தவறித் திருப்பிய வாய்க்காலும், குடித்துவிட்டு அடித்த புருஷனும் அங்கேதான் வந்து சேர்வார்கள்.

எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய் வேண்டும். பிறந்த குழந்தைக்கு வேண்டும், அதற்கு முதல் முடி வெட்டும்போது வேறு ஆள் வேண்டும். கல்யாணத்துக்கு ஒருவர் என்றால் கல்யாணக் கேக்குக்குத் தனியாக ஒருவர். பந்து விளையாடும் பையன்களின் சட்டைக்குக்கூட ஞானத்தகப்பன் உண்டு. ஒருத்தியை ஞானத்தாயாக நிற்கச் சொல்லிக் கேட்பது பெரிய மரியாதை. அவள் மாட்டேன் என்றால் முகத்தில் அறைந்த மாதிரி. சரி என்றுவிட்டால் அன்று முதல் பெற்றவளுக்கு அவள் கொமாத்ரே, ஆணாக இருந்தால் கொம்பாத்ரே. ஒரே பிள்ளைக்கு ஞானத்தகப்பனும் ஞானத்தாயுமாகச் சேர்ந்து நின்றவர்களும் ஒருவருக்கொருவர் அப்படியே. கூடப் பிறந்தவளோடு பேச்சு வார்த்தை இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கலாம், கொமாத்ரேயோடு முடியாது. கொமாத்ரேயின் மாடு உங்கள் வயலில் மேய்ந்தால், அது மேயவே இல்லை.

எர்மெலிந்தாவுக்கு முன்னால் இருந்த ஜட்ஜுக்குத் தெருவுக்குத் தெரு ஞானப்பிள்ளைகள். வழக்கைச் சொல்லத் தொடங்கும் முன்பே தீர்ப்பு என்ன என்று ஊருக்குத் தெரிந்துவிடும். எந்தக் கட்சிக்காரன் அவருக்கு கொம்பாத்ரே என்று பார்த்தால் போதும். மற்றவன் வாயைத் திறக்காமலேயே தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதையெல்லாம் பார்த்து வயிறெரிந்த எர்மெலிந்தா, தன்னைத் தேர்ந்தெடுத்த அன்றே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“நான் யார் வீட்டுப் புள்ளைக்கும் ஞானத்தாயா நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிப்புட்டேன், பின்னாடி கோவிச்சுக்காதீங்க.”

அடடா, இவளல்லவோ ஜட்ஜ் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அவள் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் சொல்கிறாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டதால் வந்த மெச்சல் அது. அந்த வருஷமே நாலைந்து பேர் வந்து கேட்டார்கள். அவள் மறுத்தாள். அவர்களுடைய முகம் சுண்டிப்போனது. அப்புறம் கேட்கிறவர்கள் குறைந்தார்கள், பிறகு யாரும் கேட்கவில்லை. மனதில் பிடித்துப்போன பஸ் டிரைவர் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஊரில் பாதிப் பேர் உறவு. யோசிக்கிறேன் என்று அவள் சொல்லி யோசித்துக்கொண்டிருந்ததில் அவன் வேறு ஊரில் பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கல்யாண வீடுகளில் கொமாத்ரேக்கள் ஒரு மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே தட்டில் கை விடுவார்கள். எர்மெலிந்தாவுக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பக்கத்தில், தனித் தட்டோடு, நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுவார்கள். கார்னிவல் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் கொமாத்ரேக்களுக்கென்றே ஒரு வியாழக்கிழமை வரும். அன்று பெண்கள் ஒருவர் தலையில் ஒருவர் மாவைப் பூசி, நிறக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாக ஆடிக்கொண்டு போவார்கள். நூல் கடைக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். சிரிப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போவதை அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். எல்லாம் மரியாதைதான். அந்த மரியாதை அவளுக்குக் கசந்தது. அழுதிருக்கிறாள், ஆனால் மறுநாள் தீர்ப்புச் சொல்லும்போது குரல் பிசகியதில்லை.

பதினெட்டு வருஷம் அப்படி இருந்துவிட்டு, போதும் என்று பதவியை விட்டாள். அந்த வருஷம்தான் புதுச் சந்தைக் கட்டடம் எழும்பியது. மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை, வரிசையாகக் கடைகள். கட்டியவர் ரோமுலோ அனம்பா என்கிற இஞ்சினியர். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர், மெலிந்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. அரசாங்கக் கட்டடம் என்றால் திறப்பு விழா அன்று அதற்கும் ஒரு ஞானத்தகப்பன், ஞானத்தாய் வேண்டும். ரிப்பன் கட்டிய சோளக் கள்ளுக் குடத்தை அவர்கள் சின்னச் சுத்தியலால் உடைத்தால்தான் கட்டடம் திறந்ததாகக் கணக்கு. ஞானத்தகப்பனாக ரோமுலோவே நிற்பதாக முடிவாகிவிட்டது. ஞானத்தாய் யார் என்று பேச்சு வந்தபோது, “ஜட்ஜம்மாவைக் கேட்டா என்ன? இப்பத்தான் அவங்க ஜட்ஜ் இல்லையே” என்று யாரோ சொன்னார்கள்.

கேட்டதும் அவள் சரி என்றுவிட்டாள். சரி என்ற வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. சுவருக்கும் தகரத்துக்கும் ஞானத்தாயாக நிற்பதில் என்ன வந்துவிடப் போகிறது? சந்தை என்ன வழக்கா போடப் போகிறது? புதுப் பாவாடை தைத்தாள், தொப்பிக்குப் புது நாடா கட்டினாள். விழாவில் அவள் அடித்த முதல் அடியில் குடம் உடையவே இல்லை. ஊரே கொல்லென்று சிரித்தது. ரோமுலோ அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, “ஓங்கிப் போடுங்க கொமாத்ரே, அது உங்க கட்சிக்காரன் இல்ல!” என்றார். இரண்டாவது அடியில் கள் சிதறி அவள் புதுப் பாவாடையெல்லாம் நனைந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளைக் கொமாத்ரே என்று கூப்பிட்டது அன்றுதான். அதற்குப் பிறகு ரோமுலோ அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார். கொமாத்ரே வியாழக்கிழமைக்கு ஒரு கூடை ரொட்டியும் பழமும் அனுப்புவார். பதிலுக்கு அவள் ஒரு பூப்போட்ட துணி தைத்து அனுப்புவாள். அவ்வளவுதான் அந்த உறவு. அதை அப்போதெல்லாம் அவள் ஒரு உறவாக எண்ணிப் பார்க்கவே இல்லை. சந்தோஷமான ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தை திறந்த ஆறாவது மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை ஆலங்கட்டி கொட்டியது. எங்கள் மலையில் அது புதிதல்ல. கூரைமேல் அது அடுக்கடுக்காய்க் குவிந்து, சந்தை கூடிக்கொண்டிருந்த நேரத்தில் கூரை அப்படியே இடிந்து உள்ளே விழுந்தது. மூன்று பேர் போனார்கள். அதில் ஒருத்தி லூஸ்மிலா. தலைக்கறி சூப்புக் கடை சாத்துர்னினாவின் ஒரே மகள். லூஸ்மிலாவின் கைக்குழந்தை பாட்டியின் முதுகுத் துணியில் இருந்ததால் பிழைத்தது.

சந்தையைக் கட்டவைத்த மேயருடைய ஆட்கள் உடனே ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். ஞானஸ்நானம் ஆகாத குழந்தையைச் சந்தைக்குத் தூக்கிவந்தால் ஆலங்கட்டி விழாமல் என்ன செய்யும் என்று ரேடியோவிலேயே ஒருவன் பேசினான். லூஸ்மிலாவின் குழந்தைக்குத்தான் இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அதைக் கேட்டு ஊர் கொதித்தது. பெண்கள் மேயர் அலுவலகத்தின்மேல் கல் எறிந்தார்கள், ரோட்டை மறித்தார்கள். மாகாண சபை இறங்கி வந்தது. அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத தனி விசாரணைக் குழு போடுகிறோம், வெளியூரிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், தலைமைக்கு ஊரே ஒரு ஆளைச் சொல்லட்டும் என்றது.

சதுக்கத்தில் கூடிய கூட்டம் ஒரே குரலில் கத்தியது: “ஜட்ஜம்மா! ஜட்ஜம்மா!”

வேறு யாரைச் சொல்வார்கள்? ஊரில் ஒட்டும் உறவும் இல்லாதவள் அவள் ஒருத்திதான். மாகாணத்து அதிகாரி மைக்கில் அவளைக் கேட்டார், விசாரிக்கப்படப்போகிற எவரோடாவது ஏதாவது உறவு உண்டா என்று. அவள் தலை நிமிர்ந்து, கணீரென்று, “இல்லை” என்றாள். குடத்தை அவள் உடைத்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கட்டடத்தை யார் பிள்ளையாக நினைத்தார்கள்? மேயரின் வக்கீல் கர்பஹால் மட்டும் கொஞ்சம் புன்னகைத்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அவள் வேலையில் இறங்கினாள். இடிபாட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு துண்டு இரும்பும் வெளியே போகாமல் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பூட்டி முத்திரை வைத்தாள். கடைக்காரப் பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் முதலில் முறிந்தது என்று கேட்டாள். காலைச் சாப்பாடு மட்டும் வழக்கம்போல சாத்துர்னினாவின் சூப்பு. சந்தை போய்விட்டதால் சாத்துர்னினா தெருவோரத்தில் சட்டியை வைத்திருந்தாள். பேச மாட்டாள். கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு, முதுகில் இருக்கிற குழந்தையைத் தட்டிக்கொண்டு நிற்பாள்.

முதல் விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில். கூட்டம் ஜன்னல் வரைக்கும் தொங்கியது. ரோமுலோவை அழைத்தார்கள். அந்தச் சில வாரங்களில் அவர் கிழவராகிவிட்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தவர் இத்தனை வெறுப்பான முகங்களுக்கு நடுவில் தெரிந்த முகம் ஒன்றைத் தேடினார். கண்டுபிடித்தார்.

“நல்லாருக்கீங்களா கொமாத்ரே?”

“இருக்கேன் கொம்பாத்ரே.”

யோசிக்காமல் வந்த பதில். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்குக் கேட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குற்றம் சாட்டப்பட்ட மனிதரை அவள் கொம்பாத்ரே என்று கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் நாட்டுச் சட்டத்திலேயே அந்த உறவு எழுதியிருக்கிறது. நீதி சொல்ல உட்கார்ந்தவருக்கு எதிரே நிற்பவர் கொம்பாத்ரே என்றால் எழுந்து போக வேண்டும். அவள் அதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். முகம் குப்பென்று சிவந்து, அன்றைய விசாரணையை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வழியில் அவளோடு யாரும் நடக்கவில்லை.

மறுநாள் கர்பஹால் கடைக்கு வந்தார்.

“ஒரு வெள்ளைப் பொத்தான் குடுங்கம்மா. கோட்டுல விழுந்துடுச்சு.” பொத்தானை விரலில் உருட்டிக்கொண்டே, “நேத்து நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. கட்டடத்துக்கு ஞானத்தாய்ங்கறதெல்லாம் ஒரு உறவா? எங்க பக்கம் ஒரு ஆட்சேபணையும் இல்ல. நீங்களே தொடரணும். மேயரும் அதைத்தான் விரும்பறாரு” என்றார்.

“ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

வக்கீல் சிரித்தார். “எதுக்கு அவசரம்? எழுத வேண்டிய நேரத்துல எழுதிக்கலாம்.”

அவர் போன பிறகு எர்மெலிந்தா கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மேயருக்குச் சாதகமாக எழுதினால் அவருக்கு நல்லது. பாதகமாக எழுதினால், இவள் பொய்ச் சத்தியம் செய்தவள், இஞ்சினியரின் கொமாத்ரே, அவரைக் காப்பாற்ற மேயர் தலையில் பழியைப் போட்டிருக்கிறாள் என்று சொல்லி அந்த அறிக்கையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடலாம். அவள் நாற்காலியில் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு லாபம்.

விலகுவது என்று மனதில் முடிவு செய்துகொண்டுதான் அவள் சூப்புக்குப் போனாள். சாத்துர்னினா கிண்ணத்தை வைத்துவிட்டு, கூரை விழுந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“ஜட்ஜம்மா, விட்டுட்டுப் போயிடாதீங்க.”

“நான் அவருக்குக் கொமாத்ரே, சாத்துர்னினா. நீயும் கேட்டியே.”

“கேட்டேன். அதுக்கென்ன? உங்களை எனக்குத் தெரியாதா? சொந்த அப்பனா இருந்தாலும் நீங்க விட மாட்டீங்க. நீங்க போனா தலைநகர் லீமாவுலேர்ந்து ஒருத்தனைப் போடுவாங்க. அவன் இந்த மலைக் காத்துல தலை சுத்தி விழுந்து, கோக்கா இலைக் கஷாயத்தைக் குடிச்சுட்டு, எல்லாம் ஆண்டவன் செயல்னு எழுதிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான். லூஸ்மிலா யாருன்னு அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியாததுதான் நல்லது.”

“இதென்ன பேச்சு?”

“நான் எழுதினா நிக்காது. நீ நம்புவ, கோர்ட்டு நம்பாது.”

சாத்துர்னினா அவளை வெறித்துப் பார்த்தாள். “கோர்ட்டு எம்மகளைப் பெத்துச்சா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் வெளியே வந்தபோது எர்மெலிந்தா சதுக்கத்தில் நின்று, முன்பு இல்லை என்று சொன்ன அதே இடத்தில், உண்டு என்று சொன்னாள். “நான் இஞ்சினியர் ரோமுலோ அனம்பாவுக்குக் கொமாத்ரே. அது கணக்குல வராதுன்னு நெனச்சேன். தப்பு என்னுது. தலைமையிலேர்ந்து விலகறேன்.” அவ்வளவுதான் பேசினாள். பிறகு யாரோ, “கொம்பாத்ரேயைக் காப்பாத்த ஓடறாடோய்!” என்று கத்தினார்கள். பதினெட்டு வருஷம் அவளிடம் நியாயம் கேட்டு நின்ற சனங்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் சூப்புக் கடையில் சாத்துர்னினா அகப்பையைச் சட்டிக்குள் போட்டு மூடினாள்.

“தீந்துபோச்சு ஜட்ஜம்மா. உங்க கொம்பாத்ரே வீட்டுல கேட்டுப் பாருங்க.”

மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. எர்மெலிந்தா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

அந்த வாரம் ரோமுலோ வந்தார். கடைக்குள் வந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“என்னை விட்டுக்குடுக்காம இருந்தீங்களே கொமாத்ரே. என்னை விசாரிக்க மனசு வராமதானே எழுந்து வந்தீங்க. எம்பொஞ்சாதிகிட்டக்கூட சொன்னேன், இந்த ஊருல எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கே இருக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. சும்மா இருந்துவிட்டால் அந்த ஒரு உறவாவது மிஞ்சும்.

“கொம்பாத்ரே, உங்களுக்காக விலகல” என்றாள். “நான் உக்காந்திருந்தா உங்களைப் பத்தி எழுதறதைக் கிழிச்சுப் போட்டுருவாங்க. யாரும் கிழிக்க முடியாதபடி எழுதணும்னுதான் எழுந்து வந்தேன்.”

அவர் கையை விட்டுவிட்டார்.

“அன்னிக்கு மண்டபத்துல வேணும்னுதான் அப்படிக் கூப்பிட்டீங்களா?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று அவர் சொன்னால் மனசு ஆறிவிடும் என்று எதிர்பார்த்தாள்.

“வேற எப்படிக் கூப்பிடுவேன் உங்களை?” என்றார் ரோமுலோ. தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை.

சாத்துர்னினா சொன்ன மாதிரியே லீமாவிலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாளே தலை சுற்றிச் சதுக்கத்தில் வாந்தி எடுத்தார். பையன்கள் சிரித்தார்கள். ஆனால் மனிதர் பிடிவாதக்காரர். எழுந்து உட்கார்ந்ததும், இரும்பு எங்கே என்றுதான் கேட்டார். கொட்டகையைத் திறந்தார்கள். எர்மெலிந்தா வைத்த முத்திரை அப்படியே இருந்தது. அவர் தெருவில் எதிரே வந்தால் அவள் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவாள். தான் அவர் காதில் எதையோ ஓதினதாக ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

அறிக்கை வந்தது. கூரைக்குப் போட வேண்டிய கனத்தில் பாதிகூட அந்த இரும்பு இல்லை. நல்ல இரும்பு மேயருடைய தம்பி நெடுஞ்சாலையில் கட்டிய ஓட்டலுக்குப் போயிருந்தது. ரோமுலோ கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். கோர்ட்டு மேயருக்கும் ரோமுலோவுக்கும் சிறைத் தண்டனை கொடுத்தது. கர்பஹால் மேல்முறையீட்டுக்குப் போனார். அறிக்கையை எழுதியவர்மேல் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாததால், இரும்பைப் பூட்டியவள்மேல் பாய்ந்தார். முதலில் சாட்சிகளைக் கேட்டதும் தடயத்தைச் சேர்த்ததும் எர்மெலிந்தா. அவள் செத்துப்போன லூஸ்மிலாவின் தாய்க்கு நெருங்கிய சிநேகிதி, தினமும் அவள் கையால் சாப்பிட்டவள், ஆகவே எல்லாம் செல்லாது என்றார். வாழ்நாள் முழுக்க உறவே இல்லாமல் கிடந்தவளுக்கு எத்தனை உறவைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள்.

துக்க வருஷம் முடிந்ததும் சாத்துர்னினா நூல் கடைக்கு வந்தாள். குழந்தையை முதுகிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள். அது தவழ்ந்துபோய்ப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தது.

“அன்னிக்குச் சட்டியில சூப்பு இருந்துச்சு” என்றாள் சாத்துர்னினா.

“தெரியும். ஆவி வந்துச்சே.”

“எனக்குப் புத்தி லேட்டுதான். தீர்ப்பைப் படிச்சுக் காட்டினப்பதான் புரிஞ்சுது.” அவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “ஊர்த் திருவிழா வருது. இவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். இவளாலதான் ஆலங்கட்டி விழுந்துச்சுன்னு இன்னமும் பேசிக்கிட்டுத் திரியறானுங்க. நீங்க ஏந்துனா எவனும் வாயைத் தொறக்க மாட்டான். கொமாத்ரே ஆயிடுங்க எனக்கு.”

குழந்தை ஒரு சிவப்புப் பொத்தானைக் கையில் பிடித்து எர்மெலிந்தாவிடம் நீட்டியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டாள். கனமாக, சூடாக இருந்தது. தன் வாழ்க்கையில் எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அவள் இப்போது ஜட்ஜ் இல்லை, தலைவி இல்லை, யாருக்கும் எதையும் தீர்க்க வேண்டியதில்லை. சரி என்று ஒரு வார்த்தை.

“அப்பீல் இருக்கே” என்றாள்.

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“நான் உனக்குச் சிநேகிதின்னு அந்த வக்கீல் எழுதிக் குடுத்திருக்கான். நெசமில்லேன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கேன். இப்பக் கொமாத்ரே ஆனா, பாத்தியா, சொன்னேன்லன்னு நிப்பான். அந்த இரும்பு பூராவும் செல்லாமப் போயிடும். லூஸ்மிலா கேஸு ஒண்ணுமில்லாம ஆயிடும்.”

“அப்பீல் எப்ப முடியும்?”

“வருஷக்கணக்குல ஆகும்.”

“அதுவரைக்கும் இவ பேரில்லாம கெடக்கணுமா?”

“வேற யாரையாவது கேளு.” குழந்தையைத் திருப்பி நீட்டினாள். “உன் கடைக்கும் இனிமே வர மாட்டேன். நீ கூப்பிட்டாலும் வர மாட்டேன்.”

சாத்துர்னினா குழந்தையை வாங்கித் துணியில் கட்டிக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. “இவ்வளவு சரியா இருந்து என்னதான் பண்ணப்போறீங்க ஜட்ஜம்மா?” என்று கேட்டாள். எர்மெலிந்தா குனிந்து தரையில் சிதறிய பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

விழா அன்று பாலாடைக்கட்டி விற்கிற எவுஃப்ராசியா குழந்தையை ஏந்தினாள். பேண்டு வாத்தியம் நூல் கடை வழியாகத்தான் போனது. எர்மெலிந்தா ஒரு சட்டைகூடத் தைத்து அனுப்ப முடியாது. தைத்துவைத்திருந்தாள், அனுப்பவில்லை. அதற்குப் பிறகும் காலையில் அவளே உருளைக்கிழங்கு வேகவைத்து, கடைக்குப் பின்னறையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

குழந்தை ஓடி விளையாடுகிற வயதில்தான் மேல்கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. சதுக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துக் குமாஸ்தா படித்தார். தண்டனை உறுதி என்று சொல்வதற்கு முன்னால் காரணங்களை வரிசையாகச் சொன்னார்கள். அதில் ஒன்று:

“முதல் தலைவியான எர்மெலிந்தா கொய்யோ, குற்றவாளியோடு தனக்கிருந்த உறவைத் தானே வெளிப்படுத்தி விலகினார். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எதனோடும் அவருக்கு ரத்த உறவோ, மண உறவோ, ஞான உறவோ, சிநேகிதமோ கிடையாது. இதை இந்த நீதிமன்றம் தீர விசாரித்து உறுதி செய்கிறது.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. சாத்துர்னினா கதறி அழுதாள். எவுஃப்ராசியா அவளைக் கட்டிக்கொள்ள, அவள் இடுப்பிலிருந்த பிள்ளை சுவாதீனமாக எவுஃப்ராசியாவின் தோளுக்குத் தாவியது. பின்னால் நின்ற கிழவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எந்த வரியால ஜெயிச்சோம், அதை இன்னொரு தரம் படிங்கய்யா என்று கத்தினார்கள். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிட உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தார். சிநேகிதமோ கிடையாது என்ற இடத்தில் ஊரே கைதட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எர்மெலிந்தாவும் தட்டினாள்.